துருவக் கடலும் காற்றும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், நீரோடியைத் தாண்டினால் கேரளம் தொடங்கிவிடும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அடிநீர் மேலெழுந்து கடல் குளிர்வதை இக்கரை மீனவர்கள் அறிவார்கள். அந்த அனுபவத்தை அப்படியே அண்டார்டிக்காவுக்குக் கொண்டுபோவதில்தான் முதல் தவறு நேர்கிறது. அங்கே மேற்பரப்பு நீர் ஏறத்தாழ உறைநிலையில் இருப்பதால், ஆழத்திலிருந்து எழும் நீரே அதைவிட வெப்பமானது. அமுண்ட்சன் கடலில் அது மிதக்கும் பனித்தட்டுகளின் அடியை அரித்து உருக்குகிறது.

அந்நீர் எழக் காற்றே காரணம் என்றாலும், காற்று போகும் திசையிலேயே நீரும் போகும் என்று எண்ணிவிடக் கூடாது. 1893 முதல் 1896 வரை ‘ஃபிராம்’ கப்பலில் ஆர்க்டிக் பனியில் சிக்கி மிதந்த பயணத்தில், பனி காற்றுத் திசைக்கு வலப்புறம் 20 முதல் 40 பாகை விலகுவதை நார்வே ஆய்வுப்பயணி நான்சென் கண்டார். புவிச் சுழற்சியால் நேர்வது என்று அவர் கருதியதை சுவீடன் கடலியலாளர் எக்மன் 1905-இல் கணக்கிட்டு விளக்கினார். தென்கோளத்தில் இவ்விலகல் இடப்புறமாக நிகழ்வதால், மேற்கிலிருந்து வீசும் காற்று மேல்நீரை வடக்கே தள்ள, அவ்விடத்தை நிரப்ப ஆழநீர் எழுகிறது.

துருவக் காற்று வறண்டது, ஆகவே ஈரப்பதத்திற்கு அங்கே வேலையில்லை என்பதும் பிழை. மார்கழியில் மேகம் மூடிய இரவு அவ்வளவாகக் குளிராது அல்லவா? சூரியனே எழாத துருவக் குளிர்காலத்திலும், ஈரக்காற்று கொணரும் மேகம் வெப்பத்தைக் கீழே திருப்பியனுப்பிக் கடற்பனி வளர்வதைத் தாமதப்படுத்துகிறது.

நீர் 4 டிகிரி செல்சியஸில் மிக அடர்த்தியாக இருக்கும் என்று பள்ளியில் படித்தது நன்னீருக்கே பொருந்தும். வழக்கமான உப்புள்ள கடல்நீர், சுமார் மைனஸ் 1.9 டிகிரியில் உறையும்வரை அடர்ந்துகொண்டே போகும். அக்குளிரில் வெப்பநிலையைவிட உப்பே அடர்த்தியைத் தீர்மானிப்பதால், ஆவியாவதை விஞ்சிப் பொழியும் பனியும் மழையும், ஆர்க்டிக்கில் அவற்றோடு ஆறுகளும், உப்புக் குறைந்த மேலடுக்கொன்றை உண்டாக்கி ஆழத்து வெப்பத்தைத் தடுத்து வைக்கின்றன. காற்று பனியை விலக்கினால் பனி குறையும் என்பதும் எப்போதும் சரியன்று: அண்டார்டிக் கரையிலிருந்து சரிந்திறங்கும் கடுங்காற்று பனியைத் தள்ளத் தள்ள, திறந்த நீர் மீண்டும் உறைகிறது, அப்போது வெளியேறும் உப்பால் கனத்த நீர் அடியாழத்திற்கு இறங்குகிறது.

கரையில் காற்றில்லை என்று வள்ளத்தை நீர்விளிம்பிலேயே விட்டுவைப்பது எங்கள் பக்கத்துத் தவறு. தெற்கே வெகுதொலைவில் புயற்காற்று எழுப்பிய நீளலைகள் சில நாட்கள் பயணித்து, தெளிந்த வானத்தின் கீழ் இங்கே வந்து ஏறும். கேரள மீனவர்கள் அதைக் கள்ளக்கடல் என்கிறார்கள்; 2012-இல் யுனெஸ்கோவும் அப்பெயரையே ஏற்றுக்கொண்டது.