பெயிண்ட் கடைசியில்: பழைய ராணுவ ஜீப்பை வாங்கி ஓட வைப்பது எப்படி

பழைய ராணுவ ஜீப் வாங்க ஆசைப்படுபவர்கள் முதலில் பேசுவது நிறத்தைப் பற்றித்தான். எந்தப் பச்சை, எவ்வளவு மங்கல், பானெட்டில் நட்சத்திரம் எத்தனை பெரிசு என்றெல்லாம் விசாரிப்பார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. வண்டி கிளம்புமா, நேராகப் போகுமா, மிதித்தால் நிற்குமா என்பதைத் தீர்மானிக்கும் சாமான்களில் பாதிக்கு மேல் பாடிக்கு அடியில் இருக்கின்றன. இந்தக் கட்டுரையில் நானும் வண்டிக்கு அடியில்தான் அதிக நேரம் படுத்திருக்கப் போகிறேன். ஸ்பானர் பிடிக்கத் தெரியும், ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது என்றும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

எந்த ஜீப்?

போர்க்கால ஜீப் என்றால் 1941 முதல் 1945 வரை வந்த வில்லிஸ் எம்பி, அதே வரைபடத்தில் ஃபோர்டு செய்த ஜிபிடபிள்யூ. இரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் தயாராயின. 1945-லேயே பொதுமக்களுக்கான சிஜே-2ஏ வந்துவிட்டது. 1950-களின் தொடக்கத்தில் ராணுவத்துக்கு எம்38, அப்புறம் உருண்டையான ஃபெண்டர்களுடன் எம்38ஏ1.

முதல் வண்டி என்றால் என் ஓட்டு எம்பி, ஜிபிடபிள்யூ, சிஜே-2ஏ மூன்றில் ஒன்றுக்கு. மூன்றிலும் அடிப்படையில் ஒரே இன்ஜின்தான்: 134 கன அங்குலம், நாலு சிலிண்டர், 60 குதிரைத்திறன். சேசிஸிலிருந்து ரப்பர் வாஷர் வரை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். எம்38 பார்க்கக் கம்பீரமானது, ஆனால் அதில் இருப்பது 24 வோல்ட், நீர் புகாத மின்சார அமைப்பு. டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பாகம்) ஒன்று போனாலே பர்ஸ் காலி. அதை இரண்டாவது வண்டியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சிஜே-வுக்கு ராணுவ வேஷம் போட்டு எம்பி விலைக்கு விற்பது சகஜம். முன்பக்க கிரில்லில் துளைகளை எண்ணுங்கள். அழுத்தித் தயாரித்த எம்பி கிரில்லில் ஒன்பது, சிஜே-வில் ஏழு. சிஜே-வுக்குப் பின்னால் திறக்கும் கதவு உண்டு, பெட்ரோல் மூடி பக்கவாட்டில் வெளியே இருக்கும். எம்பி-யில் டிரைவர் சீட்டைத் தூக்கினால்தான் பெட்ரோல் போட முடியும்.

எம்பி-யா ஜிபிடபிள்யூ-வா என்று பார்க்க, ரேடியேட்டருக்குக் கீழே சேசிஸின் முன் குறுக்குச் சட்டத்தைத் தொட்டுப் பாருங்கள். உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ், கவிழ்த்துப் போட்ட பெட்டி மாதிரி இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டுக்காரர்கள் போல்டு தலையில்கூட ‘எஃப்’ குத்தியிருப்பார்கள். டாஷ்போர்டில் இருக்கும் பித்தளைத் தகடுகளை மட்டும் நம்ப வேண்டாம், அவை இன்று கடையில் புதிதாகக் கிடைக்கின்றன. சேசிஸ் எண், இன்ஜின் எண், தாளில் உள்ள எண் மூன்றையும் ஒப்பிடுங்கள். சேசிஸ் எண்ணும் தாளும் ஒத்துப்போகவில்லை என்றால் எவ்வளவு அழகான வண்டியானாலும் விட்டுவிடுங்கள். இன்ஜின் மாற்றியிருப்பது போர்க்காலத்திலேயே நடந்ததுதான், அது பெரிய குற்றமில்லை.

பார்க்கப் போகும்போது

காந்தம், சின்ன சுத்தியல், டார்ச், கிழிந்தாலும் கவலைப்படாத சட்டை. இவை போதும்.

காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி இருக்கிறது. முக்கியமாக, தரைத் தகட்டுக்கு அடியில் தொப்பி வடிவில் ஓடும் தாங்கு சட்டங்களைத் தட்டுங்கள். எம்பி-யில் அவற்றுக்குள் மரக்கட்டை வைத்திருந்தார்கள். கட்டை ஈரத்தைக் குடித்து உட்கார்ந்துகொள்ளும், இரும்பு உள்ளிருந்தே துருவாகும். மேலே தரை பளபளவென்று இருக்கும், கீழே சுத்தியல் உள்ளே போய்விடும். சேசிஸில் ஸ்டியரிங் பாக்ஸ் பொருந்தும் இடத்தையும், பின் ஸ்பிரிங் தாங்கிகளையும் விரிசலுக்காகப் பாருங்கள். பழைய வெல்டிங் மேடு தெரிந்தால் அங்கே கதை உண்டு என்று அர்த்தம்.

இன்ஜின் சுற்றவில்லை என்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இது சைடு வால்வு இன்ஜின். வால்வெல்லாம் பிளாக்குக்குள் இருப்பதால் ஹெட்டைக் கழற்றுவது எளிது, மாட்டிக்கொண்ட வால்வை மெதுவாகத் தட்டி விடுவிக்கலாம். பயப்பட வேண்டியது பிளாக்கில் விரிசல் இருந்தால்தான். ஓடாத முழு வண்டியா, ஓடுகிற ஆனால் பாதி சாமான் இல்லாத வண்டியா என்றால் நான் முழு வண்டியைத்தான் எடுப்பேன். சின்னச் சின்னக் கொக்கி, கிளிப், தாங்கி எல்லாம் தனித்தனியாகத் தேடிச் சேர்க்கிற செலவு இன்ஜின் செலவையே தாண்டிவிடும்.

கழற்றும் முன்: மறை எந்தப் பக்கம்?

இந்த ஜீப்புகளில் இடது பக்கச் சக்கர நட்டுகளுக்கு மறை எதிர்த்திசையில் இருக்கும். வலது பக்கம் வழக்கம்போல. இது தெரியாமல் நீளமான பைப்பைச் செருகி ஏறி நின்றால் நட்டு இன்னும் இறுகும், அடுத்து போல்டு முறியும். லீஃப் ஸ்பிரிங்கின் முனையைச் சேசிஸோடு சேர்க்கும் ‘யு’ வடிவ ஷாக்கிள்களிலும் சிலவற்றுக்கு இடது மறை உண்டு. அப்படிப்பட்ட ஷாக்கிளின் காலில் சின்னப் புடைப்பு ஒன்று இருக்கும், துருவைத் துடைத்துப் பாருங்கள்.

டயர் விஷயத்தில் விளையாட்டே கூடாது. ‘காம்பாட் ரிம்’ எனப்படுவது இரண்டு துண்டுகளை வட்டமாக நட்டுப் போட்டு இணைத்த ரிம். காற்று இருக்கும்போது அந்த நட்டுகளைத் தொட்டால் ரிம் வெடித்துப் பிரியும், உயிர் போகும். வால்வு ஊசியையே கழற்றி, காற்று முழுக்க வெளியேறியதை உறுதி செய்த பிறகுதான் ஸ்பானர். வண்டியிலிருந்து சக்கரத்தைக் கழற்றும் ஐந்து நட்டு வேறு, ரிம்மைப் பிரிக்கும் நட்டு வேறு. குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பிரேக்

இன்ஜினுக்கு முன்னால் பிரேக். நாலு சக்கரத்துக்கும் ஒரே ஒரு ஹைட்ராலிக் சுற்று. ஒரு ஹோஸ் வெடித்தால் பெடல் தரையைத் தொடும், அவ்வளவுதான். அதனால் ஹோஸ், இரும்புக் குழாய், வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாமே புதிது. பழையதைக் கழுவிப் போடலாமா என்று கேட்காதீர்கள். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். காற்றடித்துத் தூசி தட்டாமல், ஈரப்படுத்தித் துடைத்து எடுங்கள், நல்ல மாஸ்க் போடுங்கள்.

பிரேக் திரவத்தில் நான் சிலிக்கான் கட்சி, அதாவது டாட் 5. ஈரத்தை உறிஞ்சாது, பெயிண்ட்டைத் தின்னாது, மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு ஏற்றது. ஆனால் டாட் 3, டாட் 4-உடன் ஒரு சொட்டுகூடக் கலக்கக் கூடாது. டாட் 5.1 என்பது பெயரில் மட்டும்தான் உறவு, அது வேறு சாதி.

ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (கியர்பாக்ஸின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் பெட்டி) பின்னால் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும். அங்கே ஆயில் கசிந்தால் பிடிப்பு போய்விடும். முதலில் கசிவு, பிறகு பிரேக்.

பெட்ரோலும் இன்ஜினும்

எம்பி-யில் பெட்ரோல் டேங்க் உங்கள் சீட்டுக்கு அடியில். ஓட்டை டேங்கின் மேல் உட்கார்ந்து போவது யாருக்கும் நல்லதில்லை, அதனால் கழற்றிச் சோதியுங்கள். பழைய ஹோஸும் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரமும் எத்தனால் கலந்த பெட்ரோலில் ஊறிக் கெட்டுப்போகும், எத்தனால் தாங்கும் ரகமாகப் பார்த்து மாற்றுங்கள்.

எம்பி-யில் ஃபீலர் கேஜுக்கான (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) எண்கள்: டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயிண்ட்டின் இடைவெளி 0.020 அங்குலம், ஸ்பார்க் பிளக் 0.030, வால்வு கிளியரன்ஸ் 0.014. எரியும் வரிசை 1-3-4-2. ஆயில் பம்பைக் கழற்றினால் டிஸ்ட்ரிபியூட்டர் டைமிங்கும் கூடவே போய்விடும், ஏனென்றால் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவதே அந்தப் பம்பின் தண்டுதான். கழற்றும் முன் ரோட்டர் நிற்கும் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பின்பக்க மெயின் சீல் கயிறு ரகம். கொஞ்சம் சொட்டும். சொட்டாவிட்டால் ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள்.

6 வோல்ட்: பலர் கைவிடும் இடம்

இந்த ஒரு கட்டம் என்னை நிறைய நேரம் உட்கார வைத்தது. நான் முதலில் சொன்ன மூன்று ஜீப்பிலும் இருப்பது 6 வோல்ட் மின்சாரம். துருவோடு இருந்தபோது உடனே கிளம்பிய வண்டி, எல்லாம் முடித்து அழகாக்கிய பிறகு ‘ங்... ங்...’ என்று முனகும். பேட்டரி புதிது, செல்ஃப் மோட்டார் புதிது. உடனே எல்லாரும் சொல்லும் மருந்து: 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடு. அவசரப்படாதீர்கள்.

ஒரே சக்தியைத் தர 12 வோல்ட்டை விட 6 வோல்ட்டுக்கு இரண்டு மடங்கு கரண்ட் வேண்டும். கரண்ட் கூடினால், வழியில் இருக்கும் சின்னத் தடைகூடப் பெரிய வோல்ட் இழப்பாகும். 12-இல் அரை வோல்ட் போனால் கவனிக்கவே மாட்டோம், 6-இல் அரை வோல்ட் என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு. கடையில் கிடைக்கும் சாதாரண கார் பேட்டரி கேபிள் 12 வோல்ட்டுக்கானது. வெளியே ரப்பர் தடியாக இருக்கும், உள்ளே செம்பு ஒல்லி. 6 வோல்ட்டுக்கு 1 கேஜ் அல்லது அதைவிடத் தடித்த 0 கேஜ் கேபிள் போடுங்கள். லாரிக்கு கேபிள் செய்பவரிடம் அளவு கொடுத்தால் செய்து தருவார்.

இரண்டாவது காரணம் இன்னும் மறைவானது: எர்த். எம்பி-யில் பேட்டரியின் நெகட்டிவ் வண்டி உடம்போடு சேர்கிறது. இன்ஜினோ ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. எனவே செல்ஃப் மோட்டார் குடித்த கரண்ட் திரும்பிப் போக, இன்ஜினிலிருந்து சேசிஸுக்குப் பின்னல் பட்டை ஒன்று கட்டாயம் வேண்டும். மறுசீரமைப்பில் சேசிஸ் முழுக்க பவுடர் கோட்டிங் கொடுத்திருப்போம், அது அருமையான இன்சுலேட்டர். துரு வண்டியில் இரும்பும் இரும்பும் தொட்டுக்கொண்டிருந்தன. இப்போது நடுவில் பெயிண்ட்.

கண்டுபிடிக்க மல்டிமீட்டர் போதும். காயிலின் வயரைக் கழற்றிவிட்டு, ஒரு ஆளைச் செல்ஃப் அமுக்கச் சொல்லுங்கள். செல்ஃப் சுற்றும்போதே அளக்க வேண்டும், சும்மா இருக்கும்போது அளந்தால் எல்லாம் நன்றாகத்தான் காட்டும்.

முதலில் மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் வையுங்கள் (மாட்டியிருக்கும் கிளாம்பில் அல்ல, ஈய முனையில்). மறுமுனை செல்ஃப் மோட்டாரின் போல்டில். கால் வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் கோளாறு: கேபிள், கிளாம்ப் அல்லது காலால் அமுக்கும் ஸ்டார்ட்டர் சுவிட்ச். அடுத்து நெகட்டிவ் ஈய முனைக்கும் செல்ஃப் மோட்டாரின் உடம்புக்கும். பெரும்பாலும் இங்கேதான் மாட்டும். பிறகு நெகட்டிவ் முனைக்கும் சேசிஸுக்கும், சேசிஸுக்கும் இன்ஜினுக்கும் என்று துண்டு துண்டாக அளந்து போங்கள். எந்தத் துண்டில் எண் எகிறுகிறதோ அங்கே பெயிண்ட்டைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரியும்படி செய்து, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். செல்ஃப் மோட்டார் பொருந்தும் முகத்திலும் பெயிண்ட் இருக்கக் கூடாது.

ஸ்டியரிங் ஆட்டம்

வேகம் பிடித்ததும் முன் சக்கரம் தடதடவென்று ஆடினால் அலைன்மென்ட் கடைக்கு ஓடாதீர்கள். ஒருவர் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் சின்னதாகத் திருப்ப, நீங்கள் கீழே பெல் கிராங்க் எனப்படும் நடு லீவரைப் பாருங்கள். பாதி ஆட்டம் அதன் புஷ்ஷில்தான் இருக்கும். அப்புறம் முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கிங் பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சு) பேரிங் தளர்வு தெரியும். ஷிம் எனப்படும் மெல்லிய இடைத் தகடுகளைக் குறைத்துச் சரி செய்யலாம்.

நால்சக்கர இயக்கத்தைக் காய்ந்த தார் ரோட்டில் போடாதீர்கள். நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது, திருப்பத்தில் கியர்கள் முறுக்கிக்கொள்ளும். லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவையோடு போவதற்கான கியர்) விழவில்லை என்றால் கோளாறு என்று நினைக்க வேண்டாம், முன் ஆக்ஸில் லீவரைப் போட்ட பிறகுதான் அது விழும்.

டிங்கரிங், பெயிண்ட்

பழைய ராணுவப் பெயிண்ட்டில் ஈயமும் குரோமேட்டும் இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். நனைத்துத் தேய்க்க வேண்டும். பானெட் பக்கவாட்டை மட்டும் பொறுமையாக, அடுக்கு அடுக்காகத் தேயுங்கள். அமெரிக்க ராணுவ ஜீப் என்றால் 20-இல் தொடங்கும் பதிவு எண் பழைய அடுக்கில் தெரிய வாய்ப்பு உண்டு. தெரிந்தால் உடனே படம் எடுங்கள், அடுத்த தேய்ப்பில் போய்விடும். பழைய ராணுவ மீட்டர்களில் சிலவற்றின் முள்ளில் ரேடியம் பூசியிருப்பார்கள். கண்ணாடியைத் திறந்து சுரண்ட வேண்டாம்.

பின்சேர்க்கை

படித்துவிட்டுப் பலர் கேட்ட கேள்வி: ‘எல்லாம் அளந்தேன், எண் சரி, ஆனாலும் சூடானால் மெதுவாகச் சுற்றுகிறது.’ செல்ஃப் மோட்டாரின் புஷ்ஷைப் பாருங்கள். தேய்ந்திருந்தால் ஆர்மேச்சர் உள்ளே உரசும். ஹெட்லைட் மங்கல் என்பவர்களும் இதே எர்த் சோதனையை விளக்குக் கிண்ணத்திலிருந்து செய்யுங்கள்.

இன்னொன்று, கியர்பாக்ஸ் ஆயில். கடைக்காரர் ஜிஎல்-5 ரக ஆயில் கொடுத்தால் வாங்காதீர்கள். அதிலுள்ள கந்தகச் சேர்மம் இரண்டாம், மூன்றாம் கியரின் பித்தளை வளையங்களைக் கெடுக்கலாம். ஜிஎல்-4 கேளுங்கள். கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஒட்டியிருப்பதால் ஆயில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாறும். ஒன்றில் குறைந்து மற்றதில் கூடியிருந்தால் கசிவு வெளியே இல்லை, நடுவில். இரண்டு மூடியையும் திறந்து பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.