நான்கு பேர் வீட்டுக்குப் பதினைந்து நாள் இருப்பு: கடன் வாங்காமல் சேர்க்கும் முறை

வறண்ட பாலாற்றையே பார்த்துப் பழகிய வேலூர்ப் பகுதியில், 2021 நவம்பரில் அந்த ஆறு பெருக்கெடுத்தபோது கரையோரக் குடும்பங்கள் வீட்டை விட்டு முகாம்களுக்குப் போக நேர்ந்தது. வெள்ளம் எப்போதாவதுதான் வரும். ஆனால் ஷூ கம்பெனியில் வேலை குறைவதும், பீடிக்கு இலையும் தூளும் வராமல் போவதும், குடியாத்தத்தில் தறி நிற்பதும், வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் படுப்பதும் எந்த மாதமும் நடக்கலாம். இவை அனைத்துக்கும் உதவுவது ஒரே ஏற்பாடுதான்: அன்றாடம் உண்பதையே சிறிது கூடுதலாக வாங்கி, பழையதை முதலில் எடுத்து, எடுத்த அளவைத் திரும்ப நிரப்பி வருவது. அவசரத்துக்கென்று விற்கப்படும் விலையுயர்ந்த பொட்டலங்கள் எதுவும் தேவையில்லை.

முதலில் தண்ணீர். மின்சாரம் நின்றால் மோட்டார் ஓடாது, மேல்தொட்டி ஒரே நாளில் காலியாகிவிடும். குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளைக்கு 4 லிட்டர் என்று கொண்டால், நான்கு பேருக்கு 3 நாளுக்கு 48 லிட்டர் வேண்டும். 20 லிட்டர் கேன் இரண்டும் ஒரு குடமும் போதும். அவற்றை மூடி, வெயில் படாத இடத்தில் வைத்து, வாரம் ஒருமுறை அந்த நீரைப் பாத்திரம் கழுவப் பயன்படுத்திவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். சம்பிலோ கிணற்றிலோ வெள்ளநீர் கலந்துவிட்டால், தெளிந்து தெரிந்தாலும் குடிக்காதீர்கள். வேறு நீர் கிடைக்காவிட்டால் துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதித்த பிறகும் ஒரு நிமிடமாவது கொதிக்கவிட வேண்டும். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: கொதிக்க வைப்பது கிருமிகளைத்தான் கொல்லும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு இறங்கிய கிணற்று நீரில் உள்ள உப்பையும் இரசாயனத்தையும் அது நீக்காது. அந்த நீரை அவசரத்திலும் குடிக்கக் கூடாது.

அடுத்தது தானியம்; பொறுமையாகச் செய்தால் மிகுதியாக மிச்சம் பிடிக்கும் இடமும் இதுதான். ஒருவருக்கு நாளைக்கு 300 கிராம் அரிசி என்றால் நான்கு பேருக்குப் பதினைந்து நாளில் 18 கிலோ ஆகும். நியாயவிலைக் கடையில் விலையில்லாமல் கிடைக்கும் அரிசியில் மாதம் 3 கிலோ ஒதுக்கினாலே ஆறு மாதத்தில் அது சேர்ந்துவிடும். துவரம்பருப்பு 3 கிலோ போதும். அரிசிக்குத் துணையாகக் கேழ்வரகை வாங்கி வையுங்கள். களியும் கூழும் நமக்குப் புதியவை அல்ல, காய்ந்த கேழ்வரகு ஆண்டுக்கணக்கில் பூச்சி பிடிக்காமல் இருக்கும். ஆனால் மாவாக அரைத்துவிட்டால் விரைவில் கெட்டுவிடும் என்பதால், தேவைக்கு மட்டும் அரையுங்கள். வேர்க்கடலையை அதிகம் சேர்க்க வேண்டாம். ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடித்து நஞ்சாகும், பூத்ததையும் கசப்பதையும் எறிந்துவிடுங்கள்.

சித்திரையில் இங்கே 40 பாகையைத் தாண்டும் வெயிலை வீணாக்காமல், கேழ்வரகையும் பருப்பையும் அப்போதே காய வைத்துவிடுங்கள். காய்ந்தவுடன் சூட்டோடு டின்னில் கொட்டி மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் வரும். நன்றாக ஆறிய பிறகே கொட்டி, நிழலில் உலர்த்திய வேப்பிலையைப் போட்டு மூட வேண்டும். டின்னின் மேல் தேதியை எழுதி ஒட்டினால், எது பழையது என்ற குழப்பம் இராது.

எரிவாயு உருளை ஒன்றே இருக்கும் வீட்டில், மாட்டிய தேதியைச் சுவரில் குறித்துவைத்தால் எப்போது தீரும் என்று முன்னரே தெரியும். மின்சாரம் இல்லாதபோது இண்டக்ஷன் அடுப்பு உதவாது.

பணத்தில், ஒரு வாரச் செலவுக்கானதை 50, 100 ரூபாய்த் தாள்களாக வீட்டில் வையுங்கள். டவர் நின்றால் கைப்பேசியில் பணம் அனுப்ப முடியாது. அதற்குமேல் சேர்வதை அஞ்சலகத் தொடர்வைப்பில் போடலாம், மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்கலாம். பெரும் வட்டி என்று ஆசை காட்டுபவர்களிடம் அவசரப் பணத்தைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். 2022இல் இந்த வடாற்காட்டுப் பகுதியிலேயே எத்தனையோ குடும்பங்கள் அப்படித்தான் சேமிப்பை இழந்து நின்றன.

சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் பதினைந்து நாளுக்குக் கூடுதலாக இருக்கட்டும். குளிர்பெட்டி நின்றால் இன்சுலினை ஈரம் படாத டப்பாவில் இட்டு, ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் வைக்கலாம். குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், காப்பீட்டு அட்டை ஆகியவற்றின் நகல்களை நீர் புகாத உறையில் போட்டு, கிளம்பும்போது கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். ஆம்புலன்ஸ் 108, எல்லா அவசரத்துக்கும் 112, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, எரிவாயுக் கசிவு 1906 ஆகிய எண்களைக் கைப்பேசியில் மட்டும் பதியாமல், வீட்டுச் சிறுவர்களும் படிக்கும்படி சமையலறைக் கதவில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.