கார்பன் மோனாக்சைடு நச்சுக்குப் பிறகு வரும் மறதியும் மனநிலை மாற்றமும்: வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது

ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவின் அளவு குறைந்துவிட்டது என்று என் அண்ணனை வீட்டுக்கு அனுப்பினார்கள். சில வாரம் நன்றாகத்தான் இருந்தார். அப்புறம், குழாயைத் திறந்துவிட்டு வாளி நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். மூடச் சொன்னால் எரிந்து விழுவார். சோம்பல், திமிர் என்றுதான் சொந்தக்காரர்கள் பேசினார்கள். உண்மையில் அது மூளைப் பாதிப்பு. தேறியதுபோல் தெரிந்து, 2 முதல் 40 நாள் கழித்துக்கூட இது தலைகாட்டும்.

நரம்பியல் மருத்துவரிடம் போனால் முதல் வாக்கியத்திலேயே வாயு தாக்கியதைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வெறும் மனச்சோர்வு என்று முடிந்துவிடலாம். எம்ஆர்ஐ மூளை ஸ்கேன் சுத்தமாக வந்தாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். நினைவு, கவனம், திட்டமிடும் திறன் ஆகியவற்றை அளக்கும் நரம்பு உளவியல் சோதனையைக் கேளுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி சோதித்து ஒப்பிட அதுதான் உதவும்.

உயர் அழுத்த ஆக்சிஜன், அதாவது அழுத்தம் கூட்டிய அறைக்குள் ஆக்சிஜனைச் சுவாசிக்க வைக்கும் சிகிச்சை பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 2002இல் வெளியான ஆய்வில், முதல் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறை அதைப் பெற்றவர்களில் ஆறு வாரம் கழித்து அறிவாற்றல் பாதிப்பு 25 சதவீதம். சாதாரண ஆக்சிஜன் பெற்றவர்களில் 46 சதவீதம். மாதக்கணக்கில் கழித்துக் கொடுப்பதற்கு அவ்வளவு உறுதியான ஆதாரம் இல்லை. கடன் வாங்கி ஓடும் முன் மருத்துவரிடம் இதை நேராகக் கேளுங்கள்.

இதற்கென்று தனி மருந்து கிடையாது. மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மருத்துவம் பார்க்க வேண்டும். மது கூடாது. தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், மறதி கூடும். வாழப் பிடிக்கவில்லை என்றாலோ, அந்த வாயுவை அவராகவே நாடியிருந்தாலோ, மனநல மருத்துவரை அன்றே பார்க்க வேண்டும், காத்திருக்க வேண்டாம்.

வீட்டில், ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும். அண்ணனுக்குக் கைகொடுத்தது வேலைகளை எழுதி வைக்கும் ஒரே ஒரு நோட்டுப் புத்தகம்: முடித்ததை அவரே கோடு போட்டு அடிப்பார், நான் கோடு போட்டால் கோபம் வரும். அடுப்பைத் தனியாகப் பற்றவைக்க விடாதீர்கள். மருத்துவர் சரி என்னும்வரை வண்டி ஓட்டவும் வேண்டாம்.

பலர் ஒரு வருடத்துக்குள் ஓரளவு தேறுகிறார்கள். சிலருக்கு மிச்சம் தங்கிவிடும். வாயு வந்த ஹீட்டரையோ ஜெனரேட்டரையோ சரிசெய்து, எச்சரிக்கைக் கருவி மாட்டாமல் அந்த வீட்டில் யாரும் தூங்கக் கூடாது. அன்று அங்கே இருந்த மற்றவர்களையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.