புழுவோட ஆயுளை எண்ணுறது எப்படி: டாஃப்-2 ஜீன்ல ஆரம்பிக்கிறவங்களுக்கு

சி. எலிகன்ஸ்ங்கற சின்ன உருண்டைப் புழுவ வச்சு ஏஜிங் ப்ராஜெக்ட் பண்ணப் போறேன்னு சொல்ற எல்லாரும் முதல்ல கேக்குறது "எந்த ஜீன் எடுக்கலாம்"ங்கறதுதான். அத ரெண்டாவதா கேளுங்க. உங்க லேப்ல, உங்க இன்குபேட்டர்ல, உங்க கையில என்2ங்கற, ஜீன் எதுவும் மாத்தாத சாதாரண புழு எத்தனை நாள் வாழுது, அடுத்த தடவை வச்சாலும் கிட்டத்தட்ட அதே நாள்தான் வருதா, இது தெரியாம எந்த மியூட்டன்ட்டுக்கு (ஜீன் மாறின புழுவுக்கு) ஆயுள் கர்வ் போட்டாலும் அதுக்கு அர்த்தம் இல்ல. அதனால இந்த கைடுல ஜீன் பத்தி கொஞ்சமாவும் எண்ணுற வேலை பத்தி நிறையவும்தான் இருக்கும்.

இந்தப் புழுவ எடுக்குறதுக்கு காரணம் ரொம்ப சிம்பிள். 1 மில்லிமீட்டர் நீளம், 20 டிகிரில வச்சா முட்டையிலேர்ந்து மூணு நாள் சொச்சத்துல பெருசாயிடும், ரெண்டு மூணு வாரத்துல செத்துடும். ஹெர்மாஃப்ரோடைட், தானே கருத்தரிச்சு ஒரு புழு 300 முட்டை வரைக்கும் போடும், அதனால ஒரு பிளேட்ல இருக்குற எல்லாமே ஜெனெட்டிக்கா கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

இப்ப ஜீன் கதைக்கு வருவோம். 1983ல மைக்கேல் க்ளாஸ் அதிக நாள் வாழுற மியூட்டன்ட்டுகள பிரிச்சு எடுத்தாரு, 1988ல ஃப்ரீட்மேனும் டாம் ஜான்சனும் அதுக்கு காரணம் ஒரே ஜீன்தான்னு காட்டி ஏஜ்-1னு பேர் வச்சாங்க. பெரிய சத்தம் வந்தது 1993ல, சான் ஃபிரான்சிஸ்கோல சிந்தியா கெனியன் லேப்ல டாஃப்-2 மியூட்டன்ட் சாதாரண புழுவ விட ரெண்டு மடங்கு வாழுதுன்னு வந்தப்போ. அதுலயே இன்னொரு விஷயமும் இருந்துச்சு, டாஃப்-16 ஜீன் வேலை செய்யலன்னா இந்த கூடுதல் ஆயுள் காணாமப் போயிடுது. அப்புறம் 1997ல கேரி ருவ்கன் லேப்ல டாஃப்-2ங்கறது இன்சுலின் ரிசப்டர் மாதிரியான புரோட்டீன்னு தெரிஞ்சுது. மெக்கானிசம் இதுதான்: டாஃப்-2ல சிக்னல் வந்தா ஏஜ்-1 வழியா ஏகேடி கைனேஸ் வரைக்கும் போய் டாஃப்-16 மேல பாஸ்பேட் ஒட்டி அத நியூக்ளியஸுக்கு வெளியிலயே நிறுத்தி வைக்குது. டாஃப்-2 மியூட்டன்ட்ல மாதிரி சிக்னல் குறைஞ்சா டாஃப்-16 உள்ள போய் எஸ்ஓடி-3 மாதிரி ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்ஸ சமாளிக்கிற ஜீன், சின்ன ஹீட் ஷாக் புரோட்டீன் ஜீன்னு ஒரு கூட்டத்தையே ஆன் பண்ணுது. அதிக நாள் வாழுற புழு சூட்டையும் விஷத்தையும் அதிகமா தாங்குறதுக்கு ஒரு காரணம் இதுதான். ஆயுள், ஸ்ட்ரெஸ் ரெண்டு சோதனையையும் சேத்து வைக்கச் சொல்றதும் இதனாலதான்.

ஸ்ட்ரெய்ன் எது வேணும்னா, முதல் தடவைக்கு என்2, டாஃப்-2 இ1370 அல்லீல் (அல்லீல்னா ஒரு ஜீனோட குறிப்பிட்ட மாறின வடிவம்), டாஃப்-16 எம்யூ86 அல்லீல், அப்புறம் இந்த ரெண்டும் சேர்ந்த டபுள் மியூட்டன்ட், இந்த நாலு போதும். மினசோட்டா பல்கலைக்கழகத்துல இருக்குற சிஜிசிங்கற புழு ஸ்ட்ரெய்ன் சேமிப்பு மையத்துல கிடைக்கும். டாஃப்-2 நீண்டு, டாஃப்-16 என்2வ விட கொஞ்சம் குறைஞ்சு, டபுள் மியூட்டன்ட் டாஃப்-16 பக்கத்துல வந்து விழுந்தா உங்க கை சரியா இருக்குன்னு அர்த்தம். இது வந்ததுக்கு அப்புறம்தான் உங்க சொந்த ஜீனுக்கு போகணும், உங்க ரிசர்ச் கைடு அவசரப்படுத்தினாலும்.

சொந்த ஜீன்னு வரும்போது அவுட்கிராஸ் பண்ணாத (என்2வோட திரும்பத் திரும்ப கிராஸ் பண்ணி பின்னணி மாற்றங்கள கழிக்காத) ஸ்ட்ரெய்ன வச்சு ஆயுள் எண்ணவே எண்ணாதீங்க. சர்-2.1 கதை தெரியும்ல? 2001ல அந்த ஜீன் காப்பி கூடினா ஆயுள் 50 சதவீதம் வரைக்கும் கூடுதுன்னு வந்துச்சு, உலகம் பூரா அதப் பத்தியே பேச்சு, 2011ல வேற குழுக்கள் அதே புழுவ என்2வோட திரும்பத் திரும்ப கிராஸ் பண்ணிப் பாத்தா நீண்ட ஆயுள் காணோம், பின்னணியில ஒட்டியிருந்த வேற மாற்றம்தான் அந்த வேலைய செஞ்சிருக்கு. குறைஞ்சது நாலு தடவை, முடிஞ்சா ஆறு தடவை அவுட்கிராஸ் பண்ணுங்க.

டெம்பரேச்சர்தான் நம்ம ஊர்ல பெரிய தலைவலி. ரூம் டெம்பரேச்சர்னு பேப்பர்ல போட்டிருக்கறது 20 டிகிரி, நம்ம ஏப்ரல் மாச ரூம் இல்ல. 25க்கு மேல போனா என்2வுக்கே முட்டை குறைய ஆரம்பிச்சுடும், 15ல வச்சா ஆயுள் நீளும், 25ல சுருங்கும், அதனால ரெண்டு டிகிரி ஏறி இறங்கினாலே மியூட்டேஷன் எஃபெக்ட் மாதிரி ஒரு வித்தியாசம் பொய்யா வந்து நிக்கும். பிஓடி இன்குபேட்டர (குளிர வைக்கவும் தெரிஞ்ச இன்குபேட்டர்) 20ல வச்சு, டிஸ்ப்ளேல காட்டுற நம்பர நம்பாம உள்ள தனியா ஒரு தெர்மாமீட்டர், மேல் தட்டு கீழ் தட்டு ரெண்டுலயும் போட்டுப் பாருங்க. கரண்ட் போனா யுபிஎஸ்ல ஓடுமான்னு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க, பதினஞ்சாவது நாள் ராத்திரி கேட்டு பிரயோஜனம் இல்ல. இன்னொண்ணு, டாஃப்-2 இ1370 குட்டிப் புழுவ 25ல விட்டா பெருசாகாம டாவர் ஆயிடும், டாவர்னா பட்டினி நெரிசல்ல புழு எடுக்குற தூக்க நிலை மாதிரி, அப்படியே மாசக்கணக்குல கிடக்கும். அதனால குட்டியா இருக்கறப்போ 15லயோ 20லயோ வளத்து எல்4 (பெருசாகுறதுக்கு முந்தின கடைசி குட்டிப் பருவம்) வந்ததும்தான் சோதனை டெம்பரேச்சருக்கு மாத்தணும், கன்ட்ரோல் புழுவுக்கும் அதே மாதிரி.

பிளேட் சாதாரண என்ஜிஎம்தான், அதாவது புழு வளக்குற அகார், ஒரு லிட்டருக்கு உப்பு 3 கிராம், பெப்டோன் 2.5, அகார் 17, ஆட்டோகிளேவ் பண்ணி சூடு தணிஞ்சதும் கொலஸ்ட்ரால், கால்சியம், மெக்னீசியம், பாஸ்பேட் பஃபர் ஒண்ணொண்ணா கலக்கிக்கிட்டே ஊத்துங்க, எல்லாத்தையும் மொத்தமா கொட்டினா வெள்ளையா திரிஞ்சு நிக்கும். மேல புழுவுக்கு சாப்பாடான ஓபி50 பாக்டீரியா நடுவுல மட்டும் போடுங்க, ஓரம் வரைக்கும் பரப்பினா புழு சுவத்துல ஏறிக் காஞ்சு போகும். ஒரே பேட்ச் பிளேட்ட எல்லா ஸ்ட்ரெய்னுக்கும் பயன்படுத்துங்க.

அடுத்தது எல்லாப் புழுவையும் ஒரே வயசுக்கு கொண்டு வர்றது. ப்ளீச் போட்டு முட்டைய மட்டும் எடுக்கலாம், ஆனா ப்ளீச் ஒரு நிமிஷம் கூடிட்டா கருவும் சேந்து போயிடும், அதோட குட்டிங்க சாப்பாடு இல்லாம ராத்திரி பூரா எல்1ங்கற முதல் குட்டிப் பருவத்துலயே நிக்கும். எனக்கு ஆயுள் சோதனைக்கு பிடிச்சது முட்டை போட விடுறதுதான்: பத்து பதினஞ்சு பெரிய புழுவ ஒரு பிளேட்ல ரெண்டு மூணு மணி நேரம் விட்டுட்டு எல்லாத்தையும் எடுத்துடுங்க, மிச்சம் இருக்குற முட்டை எல்லாம் ஒரே வயசு. எல்4 வந்துச்சான்னு பாக்க உடம்பு நடுவுல வெள்ளையா பிறை மாதிரி ஒரு திட்டு தெரியும், அதுதான் அடையாளம். டாஃப்-2 என்2வ விட கொஞ்சம் மெதுவா வளரும், அதனால கடிகாரத்த பாத்து எடுக்காம பிறையப் பாத்து எடுங்க.

இங்க ஒரு சின்ன விஷயம் பெரிய ஆளுங்களையே படுத்தி எடுத்திருக்கு. அமெரிக்காவுல மூணு லேப் சேர்ந்து ஒரே மருந்த ஒரே புழுவுல சோதிக்கிற திட்டம் ஒண்ணு நடத்துனாங்க, சிஐடிபின்னு பேரு, ரிசல்ட் ஒத்து வரலயேன்னு தோண்டிப் பாத்தா ஒரு லேப் வயச முட்டை பொரிஞ்ச நேரத்துலேர்ந்து எண்ணுது, மத்த இடத்துல முட்டை போட்ட நேரத்துலேர்ந்து எண்ணுறாங்க. புழுவ எவ்வளவு மென்மையா எடுத்து வைக்கிறாங்கங்கறது வரைக்கும் உக்காந்து பேச வேண்டியிருந்துச்சு. நீங்க எதுலேர்ந்து எண்ணினாலும் சரி, எல்4 நாள் பூஜ்யமா, இல்ல பெரிய புழுவான நாள் ஒண்ணான்னு நோட்ல முதல் பக்கத்துல எழுதிட்டு கடைசி வரைக்கும் மாத்தாதீங்க.

ஒரு ஸ்ட்ரெய்னுக்கு 100 புழுவுக்கு குறையாம எடுங்க, ஒரு பிளேட்டுக்கு இருபது முப்பதுக்கு மேல வேணாம். முட்டை போடுற முதல் அஞ்சாறு நாளும் தினமோ ஒரு நாள் விட்டு ஒரு நாளோ புது பிளேட்டுக்கு மாத்தணும், இல்லன்னா குட்டியும் பெருசும் கலந்து யாரு யாருன்னே தெரியாது. இந்த வேலைக்கு பயந்துதான் எஃப்யூடிஆர்ங்கற மருந்த பிளேட்ல போடுறாங்க, அது முட்டை பொரியாம நிறுத்திடும், வசதிதான். ஆனா டப்-1, கேஸ்-1 மியூட்டன்ட்டுகள்ல எஃப்யூடிஆரே ஆயுளை நீட்டிக் காட்டுதுன்னு வந்திருக்கு. என் கணக்கு, நிறைய ஜீன ஸ்க்ரீன் பண்ணும்போது போடுங்க, பேப்பர்ல போடப் போற கடைசி ரிசல்ட்ட அது இல்லாமலும் ஒரு தடவை பாத்துடுங்க. முட்டை காலம் முடிஞ்சதும் வாரம் ஒருக்கா மாத்தினா போதும்.

எண்ணுறப்போ பிளாட்டினம் பிக்கால (புழு எடுக்குற மெல்லிய கம்பி) தலைப் பக்கம் லேசா தொடுங்க, அசையலன்னா வால் பக்கம், அதுவும் இல்லன்னா செத்துடுச்சு, அன்னைக்கே எடுத்துடுங்க. வயசான புழு சும்மா படுத்துக் கிடக்கும், மூக்கு நுனி மட்டும் ஆடும், அவசரத்துல அத செத்துப் போச்சுன்னு எழுதினா கர்வ் இடது பக்கம் நகந்துடும், அதுவும் டாஃப்-2 அசையாம கிடக்குறதுல கெட்டிக்காரப் புழு. குட்டி வயித்துக்குள்ளயே பொரிஞ்சு அம்மாவக் கிழிச்சு சாவுறது, வல்வா (முட்டை வெளிய வர்ற துவாரம்) வெடிச்சு குடல் வெளிய வர்றது, சுவத்துல ஏறிக் காயறது, அகாருக்குள்ள பூந்துடுறது, இதெல்லாம் சாவு கணக்குல சேராது, சென்சார்னு (censored, நடுவுல கணக்குலேர்ந்து விலகினது) தனியா குறிக்கணும். அழிச்சுடாதீங்க, அந்தப் புழு அந்த நாள் வரைக்கும் உயிரோட இருந்துச்சுங்கறதும் டேட்டாதான். அப்புறம் பிளேட் மேல ஸ்ட்ரெய்ன் பேர எழுதாம வேற ஆள விட்டு ஏ, பி, சின்னு ரகசியக் குறி போடச் சொல்லுங்க. எது டாஃப்-2ன்னு தெரிஞ்சா நம்ம கை அதுக்கு மட்டும் கூட ரெண்டு தடவை தட்டிப் பாக்கும், மனுஷ புத்தி.

ஸ்ட்ரெஸ் சோதனைக்கு சூட்டுல ஆரம்பிங்க, செலவு இல்ல, ஆபத்தும் இல்ல. பெருசாகி முதல் நாள்ல இருக்குற புழுக்கள 35 டிகிரில வச்சு மணிக்கணக்குல பாக்கணும், 1995லயே லித்கோவும் ஜான்சனும் ஏஜ்-1, டாஃப்-2 ரெண்டும் என்2வ விட அதிகம் தாங்குதுன்னு காட்டிட்டாங்க. ஒரே பிளேட்ட மணிக்கொரு தடவை வெளிய எடுத்துப் பாத்துட்டு திரும்ப வைக்காதீங்க, ஒவ்வொரு தடவை கதவ திறக்கும்போதும் சூடு இறங்கும், ஒவ்வொரு நேரத்துக்கும் தனித்தனி பிளேட் வைங்க. வெளிய எடுத்த உடனே எண்ணினா மயங்கிக் கிடக்குறதும் செத்ததும் ஒண்ணா தெரியும், அதனால 20 டிகிரில ராத்திரி விட்டு மறுநாள் எண்ணுங்க.

ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்ஸுக்கு நிறைய பேர் பாராகுவாட் பயன்படுத்துறாங்க. அது களைக்கொல்லி, உள்ள போனா மாத்து மருந்து கிடையாது, க்ளவுஸ் போடாம தொடாதீங்க, தூள எடை போடுறத சீனியர் பக்கத்துல இல்லாம பண்ணாதீங்க. ஹைட்ரஜன் பெராக்சைடு போடுறீங்கன்னா ஓபி50 இருக்குற பிளேட்ல போடாதீங்க, பாக்டீரியாவே கேட்டலேஸ் வச்சு அத உடைச்சுடும், நீங்க புழு தாங்குதுன்னு சந்தோஷப்பட்டுட்டு இருப்பீங்க.

ஸ்ட்ரெஸ் தாங்கினா ஆயுளும் கூடும்னு முடிவு கட்டிடாதீங்க. பல மியூட்டன்ட்ல சேந்து வரும், எல்லாத்துலயும் இல்ல: எஸ்ஓடி-2 ஜீன தூக்கிட்டா புழு பாராகுவாட்டுக்கு சீக்கிரம் சாவும், ஆனா ஆயுள் நீளுதுன்னு 2009ல வந்துச்சு. அதே மாதிரி உங்க மியூட்டன்ட் சீக்கிரம் செத்தா "இந்த ஜீன் வயசாகுறத தடுக்குது"ன்னு எழுதிடாதீங்க, நோயாளிப் புழுவும் சீக்கிரம்தான் சாவும். சாப்பிடுதா, வளருதா, முட்டை போடுதான்னு பாத்துட்டு பேசுங்க.

மியூட்டன்ட் கிடைக்கலன்னா ஜீன அமுக்குற ஆர்என்ஏஐ இருக்கு, எச்டி115 பாக்டீரியாவுல உங்க ஜீனோட டபுள் ஸ்ட்ராண்ட் ஆர்என்ஏ வர வச்சு சாப்பாடா போடுறது. கன்ட்ரோலுக்கு எல்4440 காலி வெக்டர் (உங்க ஜீன் துண்டு இல்லாத வெறும் பிளாஸ்மிட்) இருக்குற அதே எச்டி115தான், ஓபி50 இல்ல, பாக்டீரியா மாறினாலே ஆயுள் மாறும். இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது நேரத்த நம்ம கையில வச்சுக்கலாம்ங்கறது. 2002ல டில்லினும் கெனியனும் டாஃப்-2வ புழு பெருசானதுக்கு அப்புறம் மட்டும் அமுக்கினாலே ஆயுள் நீளுதுன்னு காட்டினது இப்படித்தான், வளரும்போது அமுக்குறது தேவையே படல. உங்க ஜீன் குட்டியா இருக்கும்போது அவசியமா இருந்தா எல்4லேர்ந்து ஆரம்பிங்க.

கணக்குக்கு காப்லன்-மேயர் கர்வ் (நாளுக்கு நாள் எத்தனை புழு உயிரோட இருக்குன்னு காட்டுறது), ரெண்டு கர்வ் நிஜமாவே வேறயான்னு பாக்க லாக்-ராங்க் டெஸ்ட், இதுக்கு ஓசிஸ்னு இலவசமா ஒரு ஆன்லைன் டூல் இருக்கு, டேட்டாவ ஒட்டினா போட்டுத் தரும். மூணு தடவை தனித்தனியா, வேற வேற வாரத்துல செஞ்சு, மூணையும் தனித்தனியா காட்டுங்க, ஒண்ணா கொட்டி பி வேல்யூவ சின்னதாக்குறது ரிவ்யூவர் கண்ணுல முதல்ல படும். உங்க ஜீன் ஆயுளை நீட்டினா அடுத்து டாஃப்-16 இல்லாத புழுவுல அத செஞ்சு பாருங்க. நீட்சி மொத்தமா போயிட்டா அது டாஃப்-16 இல்லாம வேலை செய்யலன்னு சொல்லலாம். அப்படியே நின்னா ஈட்-2 மியூட்டன்ட் மாதிரி கம்மியா சாப்பிடுறதுனாலயா, க்ளாக்-1 மியூட்டன்ட் மாதிரி மைட்டோகாண்ட்ரியா பக்கமான்னு தேடணும். பாதி மட்டும் போச்சுன்னா முதல்ல எத்தனை புழுவ எண்ணினீங்கங்கறதையும் சென்சார் லிஸ்ட்டையும் திரும்பப் பாருங்க, பாத்வே படம் வரையறது அதுக்கு அப்புறம்.

ஸ்ட்ரெய்ன் வந்த வாரமே கிளிசரால்ல மைனஸ் 80ல போட்டு வச்சிடுங்க, பட்டினி கிடந்த எல்1 குட்டிங்கதான் நல்லா தப்பிக்கும், ஒரு ட்யூப உருக்கிப் பாத்து உயிரோட வருதான்னு செக் பண்ணிட்டு மிச்சத்த ரெண்டு ஃப்ரீசர்ல பிரிச்சு வைங்க.