குளத்துச் சாட்டம் வேறு, பிளாக் சாட்டம் வேறு: நீச்சல் பந்தயத்தில் ஸ்டார்ட் எடுப்பது எப்படி

கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தண்ணீரில் சாட, அதாவது குதிக்க, சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆற்றங்கரையிலும் கோயில் குளத்துப் படித்துறையிலும் சின்ன வயதிலேயே பழகிவிடுகிறார்கள். அதே பிள்ளை எல்லை தாண்டிப் போய், திருவனந்தபுரத்துக்கு வடக்கே எம்.சி. ரோட்டில் இருக்கும் பிரப்பன்கோட்டு நீச்சல் குளத்தில் பிளாக்கில், அதாவது பந்தயம் தொடங்கும் மேடையில், ஏறி நிற்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஊர்க் குளத்தில் சாடுகிறவருக்கு உயரமும் ஆழமும் வேண்டும், தண்ணீர் தெறிக்க வேண்டும். பந்தயத்தில் இந்த மூன்றுமே நேரத்தைத் தின்னும்.

உச்ச நிலை வீரர் நீரைத் தொடும் கணத்தில் நொடிக்கு 5 முதல் 6 மீட்டர் வேகத்தில் வருகிறார். அதே வீரர் ஃப்ரீஸ்டைலில் முழு மூச்சாக நீந்தினாலும் நொடிக்கு 2 மீட்டருக்குச் சற்று மேல்தான் போக முடியும். ஆக, பந்தயம் முழுவதிலும் இவ்வளவு வேகம் கையில் இருப்பது இந்த ஒரு இடத்தில்தான். நல்ல ஸ்டார்ட் என்றால் அந்த வேகத்தைச் சிந்தாமல் கொண்டுபோவது.

எவ்வளவு மிச்சமாகும் என்று கேட்கலாம். இடுக்கியில் பிறந்து நெய்வேலியில் வளர்ந்த சஜன் பிரகாஷ், 2021 ஜூனில் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையை 1:56.38இல் முடித்தார். ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதி தரும் ‘ஏ’ நேரம் 1:56.48. இந்திய நீச்சல் வீரர் ஒருவர் அந்தக் கோட்டைத் தொட்டது அதுவே முதல் முறை, இடைவெளி 0.10 நொடி. ஒரு மோசமான டைவ் இதைவிட அதிகம் விழுங்கும்.

முதலில் ஆழம். பிளாக் இருக்கும் பக்கம் சுவரிலிருந்து 1 மீட்டர் தொடங்கி 6 மீட்டர் வரை குறைந்தது 1.35 மீட்டர் ஆழம் வேண்டும் என்பது உலக நீச்சல் விதி. இது பழகியவர்களுக்கான எல்லை. கற்றுக்கொள்ளும் பிள்ளையை 9 அடி, அதாவது 2.7 மீட்டர் ஆழமுள்ள பக்கத்தில்தான் தலைகீழாக விட வேண்டும். ஊர்க் குளத்திலோ ஆற்றிலோ பந்தய டைவ் பழகவே கூடாது. மழைக்குப் பிறகு மணல் எங்கே ஏறியிருக்கிறது, கல் எங்கே உருண்டு வந்திருக்கிறது என்று கலங்கிய தண்ணீரில் தெரியாது. தலை மோதினால் கழுத்தெலும்பு உடையும். அதற்கு மேல் சரிசெய்ய வழியில்லை. இதில் எந்தச் சமாதானத்தையும் ஏற்காதீர்கள்.

பிளாக்கில் ஏறுவதற்கு முன்னால் ஒரு சோதனை வையுங்கள். தண்ணீருக்குள் இருந்தே சுவரை உதைத்துக் கிளம்பச் சொல்லுங்கள். ஒரு கைமேல் ஒரு கை, மேல்கையின் பெருவிரல் கீழ்க்கையைப் பூட்டியபடி, இரு புஜங்களும் காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்க வேண்டும். இதுதான் ஸ்ட்ரீம்லைன். காலை உதைக்காமல் இந்த நிலையிலேயே 7 மீட்டராவது வழுக்கிப் போக முடியாத பிள்ளைக்கு டைவ் கற்றுக்கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. பிறகு கரையில் உட்கார்ந்து சரிவது, ஒரு முழங்காலிட்டுச் சரிவது, கரையில் நின்று பாய்வது, கடைசியாக பிளாக். ஒவ்வொரு படியிலும் கை, தலை, இடுப்பு, பாதம் நான்கும் ஒரே துளை வழியாக நுழைந்தால் மட்டுமே அடுத்த படி.

பிளாக்கின் உயரம் நீர்மட்டத்திலிருந்து 0.5 முதல் 0.75 மீட்டர் இருக்கும். முன்பக்கம் அதிகபட்சம் 10 டிகிரி சரிவு. புதிய பிளாக்குகளில் பின்னால் 30 டிகிரியில் சாய்ந்த ஒரு தட்டு உண்டு, முன்னும் பின்னும் நகர்த்தலாம். அதை யார் எந்தப் புள்ளியில் வைப்பது என்பது ஆளுக்கு ஆள் மாறும். குனிந்து நிற்கும்போது பின்கால் முழங்கால் ஏறக்குறைய 90 டிகிரி மடங்க வேண்டும், அந்த அளவுக்கு நகர்த்துங்கள். தட்டு நிற்கும் இடத்தின் எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்து, போட்டி அன்று ஏறியவுடன் முதலில் அதைச் சரிபாருங்கள். முந்தைய ஹீட்டில் (சுற்றில்) நீந்தியவர் தன் அளவுக்கு மாற்றியிருப்பார்.

நிற்கும் முறை: முன்காலின் விரல்கள் விளிம்பை வளைத்துப் பிடிக்கட்டும், பெருவிரல் முக்கியம். பின்காலின் முன்பாதம் மட்டும் தட்டில், குதிகால் தூக்கியபடி. பாதங்களுக்கு இடையே இடுப்பகலம். இரு கைகளும் விளிம்பைப் பற்றியிருக்க, இடுப்பு உயர்ந்து, பார்வை கீழே. எடை முன்காலில் சற்றுக் கூடுதலாக இருந்தால் போதும். முழுக்க முன்னால் சாய்ந்தால் பின்கால் வேலை செய்யாது, சிக்னலுக்கு முன்னே விழுகிற ஆபத்தும் உண்டு.

சிக்னல் கேட்டதும் முதலில் வேலை செய்வது கைகள். விளிம்பை மேலும் பின்னுமாக இழுத்து உடலை முன்னே எறிய வேண்டும். அடுத்து பின்கால் தள்ளும், கடைசியாக முன்கால் நிமிர்ந்து பிளாக்கை விடும். தொடக்கத்தில் பெரும்பாலான பிள்ளைகள் கையைச் சும்மா விட்டுவிட்டு மேலே குதிக்கிறார்கள். ஊர்க் குளத்துப் பழக்கம் அது. மேலே போன தூரம் அப்படியே கீழே ஆழமாக மாறும், முன்னால் போகாது. பாய்ச்சல் ஏறக்குறைய கிடைமட்டமாக இருக்கட்டும்.

தண்ணீர் இல்லாத ஊரிலும் இதைப் பழகலாம். ஆசாரியிடம் சொல்லி ஒரு மரச்சாய்வு செய்துகொள்ளுங்கள்: அடி 26 செ.மீ., உயரம் 15 செ.மீ., சாய்வுப் பலகை 30 செ.மீ. வைத்தால் 30 டிகிரி சரியாக வரும். மேலே பழைய ரப்பர் பாய் ஒட்டி, சுவரோடு முட்டுக்கொடுத்து வையுங்கள். முன்னால் மணல். கை இழுப்பு, பின்கால், முன்கால் என்ற வரிசையில் முன்னோக்கிப் பாய்ந்து கால் ஊன்றி இறங்க வேண்டும். ஒருபோதும் கை ஊன்றக் கூடாது. ஒரு தடவைக்கு 5 பாய்ச்சல், 3 தடவை. அதற்கு மேல் போனால் கால் களைத்து முறை கெடும்.

காற்றில் இருக்கும் நேரம் ஒரு நொடியில் பாதிகூட இல்லை. அதற்குள் தலை கைகளுக்கு இடையே குனிய வேண்டும், இடுப்பு உயர வேண்டும், கால்கள் சேர வேண்டும். நீரோடு 35 முதல் 45 டிகிரி கோணத்தில் நுழைவது நல்லது. தவறுகளுக்குக் காரணம் தேடுவது எளிது. வயிறு அடித்தால், தலை நிமிர்ந்து முன்னால் பார்த்திருக்கிறது. காகிள்ஸ் கழன்று வாய்க்கு வந்தாலும் அதே காரணம். பட்டையை இறுக்குவதற்கு முன் தாடையை மார்புப் பக்கம் இறக்கச் சொல்லுங்கள், பிறகு பட்டைக்கு மேல் இன்னொரு கேப் போடலாம். பின்னால் கால் மட்டும் தண்ணீரை அறைந்தால், முழங்கால் மடங்கியிருக்கிறது. மிக ஆழமாகப் போனால் இடுப்பு சீக்கிரம் ஒடிந்திருக்கும்.

நீருக்குள் போனதும் விரல் நுனிகளைச் சற்றே நிமிர்த்துங்கள், முதுகு லேசாக வளைந்து உடல் கீழிருந்து முன்னோக்கித் திரும்பும். ஒரு மீட்டர் ஆழம் போதும். இங்கேதான் பொறுமை வேண்டும். உள்ளே நுழைந்தவுடன் கால் அடித்தால், பாயும் வேகம் கால் தரும் வேகத்தைவிட அதிகம் என்பதால் அந்தக் கிக் பிரேக்காகத்தான் வேலை செய்யும். வேகம் குறைவதை உடல் உணரும்போது, சுமார் 6 மீட்டர் தூரத்தில், டால்பின் கிக்கை (இரு கால்களையும் சேர்த்து அலைபோல் அடிப்பதை) தொடங்கலாம். ஃப்ரீஸ்டைல், பேக்ஸ்ட்ரோக், பட்டர்ஃப்ளை மூன்றிலும் 15 மீட்டருக்குள் தலை வெளியே வந்தாக வேண்டும். லேன் கயிற்றில் அந்த இடத்தில் நிறம் மாறியிருக்கும். 1988 சியோலில் டேவிட் பெர்காஃப், டைச்சி சுசுகி போன்றோர் பேக்ஸ்ட்ரோக்கில் 30 மீட்டர் அளவுக்கு நீருக்கடியிலேயே போனதால் வந்த கட்டுப்பாடு இது. ஆனால் 15 மீட்டர் இலக்கு அல்ல, எல்லை. கிக் பலவீனமான பிள்ளை 9, 10 மீட்டரில் எழுவதே லாபம். எழுந்ததும் முதல் ஸ்ட்ரோக்கில் மூச்சு எடுக்க வேண்டாம். பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கின் கணக்கு தனி: நீருக்கடியில் கையைக் கால் வரை இழுக்க ஒரு இழுப்பு, முதல் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் கிக்குக்கு முன் ஒரே ஒரு டால்பின் கிக், அவ்வளவே.

சிக்னலைப் பற்றி. பல சிறு விசில் கேட்டால் உடை களைந்து தயார். ஒரு நீண்ட விசில் கேட்டால் பிளாக்கில் ஏறுதல். ‘டேக் யுவர் மார்க்ஸ்’ என்றதும் குனிந்து அசையாமல் நிற்க வேண்டும். அதன் பிறகு சிக்னலுக்கு முன் கிளம்பினால் நேராகத் தகுதி நீக்கம், இரண்டாம் வாய்ப்பு கிடையாது. 2004இல் ஆஸ்திரேலியத் தேர்வுப் போட்டியில் 400 மீட்டர் உலக சாதனையாளர் இயன் தார்ப்பே பிளாக்கிலிருந்து நிலைதவறி விழுந்து நீக்கப்பட்டார். சக வீரர் கிரெய்க் ஸ்டீவன்ஸ் தன் இடத்தை விட்டுக்கொடுத்ததால்தான் ஏதென்ஸில் நீந்தித் தங்கம் வென்றார். பயிற்சியில் கோச் ஒவ்வொரு முறையும் ஒரே இடைவெளியில் விசில் ஊதினால் பிள்ளைகள் ஒலியை விட்டு இடைவெளியை மனப்பாடம் செய்துவிடுவார்கள். 1 முதல் 3 நொடி வரை மாற்றி மாற்றி ஊதுங்கள். பெரிய போட்டிகளில் ஒவ்வொரு பிளாக்கிலும் ஒலிபெருக்கி இருக்கும். உள்ளூர்ப் போட்டியில் ஒரே ஹாரன் முதல் லேன் பக்கம் இருந்தால், எட்டாவது லேனுக்குச் சத்தம் 0.05 நொடி தாமதமாகப் போகும். ஹாரனை நடுவில் வைக்கச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பேக்ஸ்ட்ரோக்கில் முதல் நீண்ட விசிலுக்குத் தண்ணீரில் இறங்கி, இரண்டாவதற்குச் சுவருக்கு வர வேண்டும். ஓரத்து வாய்க்காலில் நிற்பதோ அதன் விளிம்பில் கால்விரலை வளைப்பதோ தவறு. லெட்ஜ் (பாதம் வழுக்காமலிருக்கச் சுவரில் தொங்கவிடும் தாங்கி) இருந்தால் அதன் மேல் வைத்த இரு பாதங்களிலும் குறைந்தது ஒரு விரல் சுவரையோ, தொட்டால் நேரம் பதியும் டச்பேடையோ தொட்டிருக்க வேண்டும். கால் வழுக்குவதுதான் இதில் பெரிய தொல்லை. கையால் உடலை மேலே அதிகம் தூக்கினால் பாதம் சுவரை அழுத்தாமல் கீழே இழுபடும். ஓரளவு தூக்கி, இடுப்பைச் சுவருக்கு அருகே வைத்தால் பிடிப்பு நிற்கும்.

ரிலேயில் முன்னவர் சுவரைத் தொடும்போது உங்கள் கால்விரல் பிளாக்கில் இருந்தால் போதும், அதற்கு முன் உடலும் கையும் அசையலாம். ஆகவே கையை வீசிக் கிளம்புங்கள். மின்னணுக் கருவி உள்ள இடத்தில் 0.03 நொடி வரை முந்தினால் மன்னிப்பு உண்டு, அதை நம்பி முந்தாதீர்கள். வருபவரின் தலையைப் பார்க்க வேண்டாம், கடைசி ஸ்ட்ரோக்கின் கையைப் பாருங்கள்.

வாரம் ஒரு முறை, களைப்பு ஏறும் முன், சிக்னல் ஒலித்ததிலிருந்து தலை 15 மீட்டர் நிறம் தாண்டும் வரை கைபேசியில் பக்கவாட்டில் படமெடுங்கள். நொடிக்கு 60 சட்டங்கள் (ஃபிரேம்கள்) பதிவாகும் கைபேசியில் ஒரு சட்டம் 0.017 நொடி. ஒரு நோட்டில் தேதி, தட்டின் எண், கிக் எண்ணிக்கை, 15 மீட்டர் நேரம் நான்கையும் எழுதுங்கள், ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்.