பாதையைப் பராமரிக்கப் போய்ப் பாதையைக் கெடுத்துவிட்டு வராதீர்கள்

கொழும்பில் ஒரு மலையேற்றக் குழு தொடங்குவது பெரிய வேலை இல்லை. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நாலு பேர் பிளேன்டீ குடித்துக்கொண்டே ஒரு வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால், வார இறுதிக்குள் ஊர்ப்பட்ட ஆட்கள் சேர்ந்துவிடுவார்கள். ஒரு மாதம் ஹந்தானை, அடுத்த மாதம் அலகல்ல என்று போகும். பிறகு யாராவது ஒருவர், "சும்மா நடந்துவிட்டு வருவது மட்டும் போதுமா? ஒரு பாதையை நாங்களே பொறுப்பெடுத்துத் துப்புரவாக்கலாமே" என்பார். நல்ல யோசனைதான். ஆனால் இந்த நல்ல யோசனையால்தான் பல பாதைகள் கெட்டுப்போகின்றன.

காரணம், எல்லாரும் முதலில் எடுப்பது கத்தியை. செடி மண்டிக்கிடந்தால் வெட்டத்தானே கை போகும். காலையில் தொடங்கி மாலை வரை வெட்டி, ஒற்றையடிப்பாதையை இரண்டு பேர் கைகோத்து நடக்கிற அகலத்துக்கு ஆக்கிவிட்டு, 'முன்பு – பின்பு' என்று படமும் போட்டாயிற்று. ஓரத்துப் புல்லின் வேர்தான் அதுவரை மண்ணைப் பிடித்துவைத்திருந்தது என்பது அடுத்த பெருமழையில்தான் தெரியும். பாதை வாய்க்காலாகிவிடும். வாய்க்காலுக்குள் நடக்கப் பிடிக்காதவர்கள் பக்கத்தில் நடப்பார்கள், அங்கேயும் புல் சாகும், அப்புறம் அதுவும் வாய்க்கால். மலைப்பாதைக்கு முதல் எதிரி தண்ணீர். செடியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இது தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த யாருக்கும் தெரிந்த விஷயம். அங்கே 'கான் வெட்டு', அதாவது மழைத்தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டுவது, தனி வேலை. சரிவுக்குக் குறுக்காக, மெல்லிய சாய்வில் கான் ஓடும், இடையிடையே மண் தங்கக் குழி இருக்கும், நிறைந்தால் அள்ளிப்போடுவார்கள். உங்கள் குழுவில் ஹட்டனிலிருந்தோ பதுளையிலிருந்தோ கொழும்புக்கு வேலைக்கு வந்தவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களுடைய அப்பாவிடமோ மாமாவிடமோ ஒரு மணி நேரம் கேட்டுப் பாருங்கள். எந்தப் பயிற்சி வகுப்பும் அவ்வளவு சொல்லித்தராது.

ஆகவே கத்தியை எடுப்பதற்கு முன் ஒருமுறை, நாலைந்து பேர் மட்டும், சாதாரணத் தூறலில் பாதையை நடந்து பாருங்கள். தண்ணீர் எந்த இடத்தில் பாதைக்குள் நுழைகிறது, எவ்வளவு தூரம் பாதையிலேயே ஓடுகிறது, எங்கே வெளியே தள்ளலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள். வேலை நாளில் அந்த இடங்களில் சாய்வாகக் குறுக்கே கான் எடுத்து, கீழ்ப்பக்கம் கல்லை ஆழப் பதித்து, தண்ணீர் வெளியேறும் வாயைத் துப்புரவாக வைத்தால் போதும். மண்வெட்டியும் அலவாங்கும்தான் இதற்கு வேண்டும். பாதை மட்டமாக இருக்கக்கூடாது. பள்ளத்துப் பக்கம் லேசாகச் சரிந்திருந்தால் தண்ணீர் தானே இறங்கிவிடும். வெட்டுவதை முகத்தில் அடிக்கிற கிளைகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இதிலும் ஒரு தவறு நடக்கும். கான் வாயை எங்கே திருப்புகிறோம் என்று பார்க்காமல் வெட்டிவிடுவது. கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்தின் பின்சுவர் இருக்கலாம், யாரோ ஒருவரின் கோவாப் பாத்தி இருக்கலாம். நாங்கள் ஞாயிறு மாலையே கொழும்புக்கு பஸ் ஏறிவிடுவோம். அவர்களுக்குத்தான் திங்கள் விடியும்போது வீட்டுக்குள் தண்ணீர்.

அங்கிருந்துதான் அனுமதி என்ற பேச்சு வருகிறது. 'பாதைதானே, யாரைக் கேட்பது' என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். நக்கிள்ஸ், ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாதமலையைச் சூழ்ந்த காடு ஆகிய மூன்றும் 2010 முதல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கின்றன. அங்கே நல்ல நோக்கத்தோடு ஒரு மரக்கன்றை வெட்டினாலும் சட்டப்படி அது குற்றமாகலாம். காட்டைப் பொறுத்து வனப் பாதுகாப்புத் திணைக்களத்திடமோ வனஜீவராசிகள் திணைக்களத்திடமோ எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். தோட்டத்துக்குள் என்றால் தோட்ட நிர்வாகத்திடம். ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிற பீக்கோ ட்ரெயில் 22 கட்டங்களாக 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அதில் பெரும்பகுதி தோட்டப் பாதைகள்தான். நமக்கு அது ட்ரெயில். அங்கே இருப்பவர்களுக்கு அது கொழுந்து நிறுக்கவும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவும் இருக்கிற வழி. அதில் நாம் போடும் கல்படி பாரம் தூக்கி வருகிறவருக்குச் சரிப்படுமா என்று அவரிடமே கேட்க வேண்டும். "அக்கா, இந்த இடத்தில் படி வேணுமா, சரிவே நல்லதா?" என்று தமிழில் கேட்கக்கூடிய குழு நாம். அந்த வசதி இருந்தும் கேட்காமல் வருவதை என்னால் மன்னிக்க முடிவதில்லை. கேட்காமல் அவர்களைப் படம் எடுப்பதும் அப்படித்தான்.

வளைந்து வளைந்து ஏறும் பாதையில் குறுக்கே இறங்குவது, பாறையில் ஸ்ப்ரே பெயின்டால் அம்பு போடுவது, மரத்துக்கு மரம் பொலித்தீன் நாடா கட்டிவிட்டு அவிழ்க்காமல் வருவது ஆகியவற்றை நீட்டத் தேவையில்லை. குறுக்குவழியைக் கண்டால் காய்ந்த கிளைகளைப் போட்டு அடையுங்கள். லஞ்ச் ஷீட்டில் சுற்றிய சோற்றுப் பார்சலுக்குப் பதிலாக ஆளுக்கொரு டப்பா.

காலநிலையில் கொழும்புக்காரர்கள் வழக்கமாக ஏமாறுவது ஜன்னலைப் பார்த்துத்தான். டிசம்பர், ஜனவரியில் கொழும்பில் நல்ல வெயில் அடிக்கும். அதே நாளில் வடகீழ்ப் பருவமழை நக்கிள்ஸின் கிழக்குச் சரிவை நனைத்துக்கொண்டிருக்கும். ஜூனில் காலி வீதி வெள்ளத்தில் நிற்கும்போது ஊவாப் பக்கம் புல் காய்ந்து கிடக்கும். அந்த நாட்களில் மானாப்புல் மலையில் ஒரு சிகரெட் துண்டு போதும், தீ ஒரு முழுச் சரிவையே கொண்டுபோய்விடும். அடுப்பு மூட்டும் ஆசையைக் கொழும்பிலேயே விட்டுவிட்டுப் போங்கள். மார்ச், ஏப்ரல், பிறகு ஒக்டோபர், நவம்பரில் மத்தியானத்துக்குப் பின் இடிமழை வழக்கம்; உச்சியில் சோறு சாப்பிடத் திட்டமிடாமல் 12 மணிக்குள் இறங்கத் தொடங்கிவிடுவது நல்லது.

2025 நவம்பர் இறுதியில் வந்து மலைநாட்டில் மண்சரிவுகளை ஏற்படுத்திய டித்வா புயலுக்குப் பிறகு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. அதற்கு முன் பதிவான ஜிபிஎஸ் கோட்டை நம்பி ஆட்களைக் கூட்டிப்போகக்கூடாது. கோடு திரையில் அப்படியே இருக்கும், பாதை இருக்காது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை அந்தப் பிரதேசத்துக்கு இருந்தால் பயணத்தை நிறுத்துங்கள். எச்சரிக்கை இல்லாவிட்டாலும், நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரங்கள், திடீரென்று கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் திரும்பிவிடுங்கள். மண்வெட்டியோடு போய் நாமே சரிசெய்கிற இடம் அது இல்லை.

ஆள் எண்ணிக்கை விஷயத்தில் பஸ் காசுதான் ஆளைக் கெடுப்பது. ஐம்பது சீட்டையும் நிரப்பினால் தலைக்கு விழும் காசு குறையும், அதனால் நிரப்புவார்கள். ஒடுங்கிய மலைப்பாதையில் ஐம்பது பேர் என்றால் முன்னே போகிறவர் உச்சியில் செல்ஃபி எடுக்கும்போது கடைசி ஆள் இன்னும் அட்டை பிடுங்கிக்கொண்டிருப்பார். பதினைந்து பேருக்கு ஒரு வழிகாட்டி, கடைசியில் நடக்க ஒரு அனுபவசாலி. அந்தக் கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் தங்கிவிடக்கூடாது, அவரும் யாரையும் முந்தக்கூடாது. வேகத்தை மெதுவாக நடப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும். புறப்படும்போதும், ஓய்வெடுத்து எழும்போதும், பஸ் ஏறும்போதும் தலை எண்ணுங்கள். 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் வீதிவரைதான் வரும்; அதற்கு முன்னுள்ள தூரத்துக்கு ஆளைத் தூக்கிவர நாம்தான். சிக்னல் கடைசியாகக் கிடைக்கிற இடத்தையும், அங்கிருந்து வண்டி வரக்கூடிய வீதிக்கு எப்படி இறங்குவது என்பதையும் வழிகாட்டி மட்டும் அறிந்திருந்தால் போதாது, வழுக்கி விழப்போவது அவராகவும் இருக்கலாம்.

குளிப்பு. இறங்கும் வழியில் ஓடையைக் கண்டால் குளிக்காமல் குழு நகராது. மேலே மழை பெய்தால் கீழே வெயிலில் நிற்கும்போதே தண்ணீர் ஏறிவிடும். நீர்வீழ்ச்சிக்கு அடியிலுள்ள குழிகளின் ஆழம் வெளியே தெரியாது. ஊர் ஆள் ஒருவர் "இங்கே குளிக்கலாம்" என்று காட்டிய இடத்தைத் தவிர வேறெங்கும் இறங்குவதில்லை என்று பயணம் அறிவிக்கும்போதே எழுதிவிடுங்கள். ஓடைக்கரையில் வந்து நின்று சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.