ஆறுதலாக ஓடப் பழைய மஸில் பைக்: கொழும்பில் வாங்குமுன் தவிர்க்க வேண்டிய பிழைகள்

பழைய மஸில் பைக் (தடித்த உடம்பும் பலமான தோற்றமும் உள்ள பைக்) ஒன்று எடுக்கப் போகிறேன் என்று சொல்லும் ஆக்களிடம் ஏன் என்று கேட்டால், பாதிப்பேர் வேகத்தைப் பற்றிக் கதைப்பதே இல்லை. "சும்மா ஆறுதலாக ஓடத்தான், முதுகு நோகாமல்" என்பார்கள். முதல் பிழை அங்கேதான். சீட் அகலம், உயரம் குறைவு, பார்க்க சோபா மாதிரி இருக்கிறது, ஆகவே ஓடவும் சொகுசாக இருக்கும் என்று கண் முடிவு கட்டிவிடுகிறது. அந்த உடம்பு எதற்காகச் செய்யப்பட்டது என்று யாரும் பார்ப்பதில்லை.

1985 இல் வந்த யமஹா விமேக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1198 சீசீ, வி-4 என்ஜின், அமெரிக்க மாதிரியில் 145 குதிரைவலு. நேர்கோட்டில் கிளம்பிப் பாய்வதற்கென்று செய்த பைக் அது. பெற்றோல் டேங்க் என்று நாம் நினைக்கும் இடத்தில் டேங்க் இல்லை, அது சீட்டுக்குக் கீழே இருக்கிறது, அதுவும் 15 லீற்றர்தான். இரண்டு பக்கமும் காற்றை விழுங்குவதுபோல் நிற்கும் அந்தக் குழல்கள் வெறும் அலங்காரம். வளைவுகளில் உடம்பு ஆடுகிறது என்ற குறை ஆரம்பத்திலிருந்தே இருந்தது, 1993 இல்தான் முன் ஃபோர்க்கைத் தடிப்பாக்கி பிரேக்கையும் கூட்டினார்கள். இதையெல்லாம் பைக்கைக் குறை சொல்லச் சொல்லவில்லை, எனக்கு மிகவும் பிடித்த பைக்குகளில் அதுவும் ஒன்று. ஆனால் ஆறுதலாக ஓடுவது அதைச் செய்தவர்களின் முதல் கவலையாக இருக்கவில்லை.

அடுத்தது, வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து முடிவெடுப்பது. கலிபோர்னியாவில் ஆறடி மனிதர் ஒருவர் ஃப்ரீவேயில் 110 இல் போய்க்கொண்டே "நாள் முழுக்க ஓடலாம்" என்கிறார். அவருக்கு உண்மைதான். அந்த வேகத்தில் காற்று என்ஜின் சூட்டை அடித்துக்கொண்டு போகிறது, கிளட்சைத் தொட வேண்டிய தேவையே இல்லை. நமக்கு? தெற்கு அதிவேகப் பாதையிலும் கட்டுநாயக்கப் பாதையிலும் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. மற்ற வீதிகளில் சட்டப்படி ஊருக்குள் 50, வெளியே 70. அதற்குள்ளும், காலையில் காலி வீதியிலோ மாலையில் பொரளைச் சந்தியிலோ 20 ஓடினாலே பெரிய விசயம். நீங்கள் வாங்கப்போகும் பைக்கின் வாழ்க்கையில் பெரும்பகுதி முதலாவது கியரிலும் இரண்டாவது கியரிலும்தான் கழியப்போகிறது, அதை அந்த இரண்டு கியரில் வைத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

இந்த இடத்தில் சூடு வருகிறது, இதை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். வி-ட்வின் (வி வடிவில் இரண்டு சிலிண்டர்) பெரிய பைக்குகளில் பின் சிலிண்டர் கிட்டத்தட்ட உங்கள் தொடைக்குக் கீழேதான் இருக்கிறது. ரேடியேட்டர் உள்ளதென்றால், கலர் லைட்டில் மூன்று நிமிடம் நின்றால் விசிறி தொடங்கும், அந்தச் சூடு காற்று நேரே முழங்காலுக்கு வரும். வெளியிலும் 31 பாகை, பக்கத்தில் பஸ் ஒன்றின் சைலன்சர். காற்றால் ஆறும் பழைய நாலு சிலிண்டர் பைக்குகளில் (யமஹா எக்ஸ்ஜேஆர் 400, கவாசாகி செஃபைர் 400 போன்றவை) விசிறிகூட இல்லை, நகர்ந்தால்தான் என்ஜின் ஆறும், நெரிசலில் நிற்கும்போது ஆற வழி இல்லை. இரவு எட்டு மணிக்கு மெரின் ட்ரைவில் கடற்காற்றோடு ஓடிப் பார்த்தால் இது எதுவும் தெரியாது. விற்பவர்கள் அந்த நேரத்துக்கு வரச் சொல்வது சும்மா இல்லை.

பாரத்தைப் பற்றி எல்லாரும் "ஓடத் தொடங்கினால் தெரியாது" என்பார்கள். சரி, ஓடத் தொடங்கினால் தெரியாது. வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் பார்க்கிங் நிலத்துக்குக் கீழே, சரிவால் இறங்கி ஏற வேண்டும். அங்கே பைக்கைக் கையால் பின்னுக்குத் தள்ளும்போது தெரியும். 2009 இல் வந்த புதிய விமேக்ஸ் பெற்றோலோடு சுமார் 310 கிலோ, சுசூகியின் பெரிய வி-ட்வினான எம்109ஆர் அதைவிடவும் கூட. இரண்டு சில்லுகளுக்கும் இடையே 1700 மில்லிமீற்றர் அளவில் நீளம். ஹொண்டா சீபீ 400 சூப்பர் ஃபோருக்கு அது 1410 தான். ஒரு ஒழுங்கைக்குள் போய்த் திருப்ப முடியாமல், இரண்டு பக்கமும் ஓட்டோ ஹோர்ன் அடிக்க, காலால் தவழ்ந்து தவழ்ந்து திருப்புவது எந்த வகைச் சொகுசிலும் சேராது. வாங்குமுன் என்ஜினை நிறுத்திவிட்டு, உங்கள் வீட்டுச் சரிவில் அல்லது அதேபோன்ற ஒன்றில் தனியாகத் தள்ளிப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

சீட் தாழ்வாக இருப்பது இன்னொரு பொறி. கால் நிலத்தில் வடிவாக ஊன்றுகிறது என்று சந்தோசப்படுகிறோம், ஆனால் சீட்டைத் தாழ்த்தினால் பின் சஸ்பென்ஷன் அசைவதற்கு இடம் குறைகிறது. எம்109ஆர் போல கால் வைக்கும் இடம் முன்னுக்குப் போன பைக் என்றால் உடம்பின் பாரம் முழுவதும் முதுகெலும்பின் அடியில் விழும், பள்ளம் வரும்போது ஃபுட்ரெஸ்ட்டில் ஊன்றிக் கொஞ்சம் எழும்பவும் ஏலாது. குழாய் போட வெட்டி, மண்ணைக் கொட்டி, அரைகுறையாக மூடிய வெட்டுகள் நம் வீதிகளில் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். முதுகு நோகாமல் இருக்க வேண்டும் என்றால் நிமிர்ந்து இருக்கிற, கால் நேரே இடுப்புக்குக் கீழே வருகிற சாதாரண அமைப்புத்தான் நல்லது, அது படத்தில் எடுப்பாக இல்லாவிட்டாலும்.

பின்னால் யார் இருக்கப்போகிறார்கள்? இதை யாருமே விலை பேசும்போது யோசிப்பதில்லை. வெள்ளிக்கிழமை பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலுக்கு அம்மாவையோ மனைவியையோ சீலையோடு ஏற்றிப் போகிற வீடு என்றால், ஜப்பான் பைக்கில் சீலை சில்லுக்குள் போகாமல் தடுக்கும் கம்பி வராது, பிடிக்கக் கைப்பிடி பெரும்பாலும் இல்லை, பின் சீட் ஒரு சின்னக் குஷன், சைலன்சர் கால் படும் உயரத்தில். ஒரு பக்கமாக இருப்பதை மறந்துவிடுங்கள். பல்சரில் பின்னால் இருந்து பழகியவர்கள் இதில் ஒருமுறை ஏறிய பிறகு பிக்மீ போடச் சொல்வார்கள்.

இவ்வளவு நேரமும் பெரிய பைக்குகளைச் சொன்னேன், ஆனால் கொழும்பில் கைமாறுவதில் கனக்க 250, 400 சீசீ ஜப்பான் பைக்குகள்தான். ஜப்பானில் நடுத்தர மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் 400 சீசீயோடு நின்றுவிடுவதால் அந்த அளவில் ஏராளமாகச் செய்தார்கள், அவை சுற்றி வந்து நம்மிடம் சேர்ந்தன. இவற்றில் விடும் பிழை வேறு. தோற்றம் பெரிய மஸில், என்ஜின் அப்படி அல்ல. 400 சீசீ நாலு சிலிண்டருக்குக் கீழ் சுழற்சியில் இழுவை பெரிதாக இல்லை, உயரச் சுழற்றினால்தான் உயிர் வரும். 1999 இல் வந்த சூப்பர் ஃபோர் ஹைப்பர் விடெக்கில் நிமிடத்துக்கு 6,750 சுழற்சி வரைக்கும் ஒரு சிலிண்டரில் இரண்டு வால்வுதான் வேலை செய்யும், அதற்கு மேலேதான் நாலும். மருதானை நெரிசலில் அந்த இடத்தை நீங்கள் தொடப்போவதில்லை. அதற்காக அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. நிமிர்ந்த இருப்பு, மிருதுவாக ஓடும் என்ஜின், 18 லீற்றர் டேங்க் என்று ஆறுதலான ஓட்டத்துக்கு இந்தப் பட்டியலிலேயே அதுதான் பொருத்தம். "பவர்" என்று நினைத்துக் காசைக் கொட்டாமல், அமைதியான பைக் என்று நினைத்து வாங்குங்கள்.

எரிபொருளையும் கொஞ்சம் யோசியுங்கள். 2022 இல் பெற்றோலைப் பங்கிட கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான் கொடுத்தார்கள், நாலு சிலிண்டர் வைத்திருந்தவர்கள் அந்த நாட்களில் பஸ்ஸில் போனார்கள்.

மொடிஃபை செய்த பைக்கை "மேலதிகச் சாமான் போட்டது" என்று கூடுதல் விலைக்கு வாங்குவது எனக்குச் சிரிப்பு வரவைக்கும் பிழை. 250 பைக்குக்கு மஸில் தோற்றம் வரட்டும் என்று ஒடுங்கிய ரிம்மில் அகலமான டயரை ஏற்றியிருப்பார்கள். டயரின் ஓரங்கள் உள்ளே இழுபட்டு வடிவம் மாறும், வளைவில் சாய மறுக்கும், ஹேண்டில் கனக்கும். இழுவைக்காக ஸ்ப்ரொக்கெட் (செயின் ஓடும் பற்சில்லு) மாற்றியிருந்தால் 60 இலேயே என்ஜின் கத்தும். திறந்த சைலன்சர் வீட்டில் சண்டை, பொலிஸில் தண்டம், வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையிலும் தலையிடி. கழற்றிய பழைய சாமான்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். "எறிந்துவிட்டேன்" என்றால் அவற்றைப் பஞ்சிகாவத்தையில் தேடும் செலவு உங்களுடையது, அதை விலையில் கழியுங்கள்.

அப்புறம் ஓடிப் பார்ப்பது. பத்து நிமிடம் ஓடினால் எந்த சீட்டும் சொகுசாகத்தான் இருக்கும். குறைந்தது முக்கால் மணி நேரம், வேலை நாளில், மாலை ஐந்தரைக்கு, கிருலப்பனையிலிருந்து பொரளைப் பக்கம் போய் வாருங்கள். இடது கை கிளட்சில் மரத்துப் போகிறதா, விசிறி சரியான நேரத்தில் தொடங்குகிறதா, சூட்டில் ஐட்லிங் தடுமாறுகிறதா, பிடரி இழுக்கிறதா. முன்பின் தெரியாதவருக்கு அவ்வளவு நேரம் பைக்கைக் கொடுக்க விற்பவர் தயங்குவது நியாயம். அடையாள அட்டையையும் கொஞ்சக் காசையும் வைத்துவிட்டுப் போகலாம், அல்லது அவரையே பின்னால் ஏற்றிக்கொள்ளுங்கள். பின் சீட் எப்படி என்று அவர் வாயாலேயே கேட்கவும் வசதி.

என்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்ச் சேர வேண்டும். போனதும் என்ஜினில் கையை வையுங்கள், சூடாக இருந்தால் நீங்கள் வருமுன் யாரோ கஷ்டப்பட்டு ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். கார்புரேட்டர் நாலும் உள்ள பைக் மாதக்கணக்கில் நின்றிருந்தால் ஜெட் (பெற்றோல் போகும் சின்னத் துவாரம்) அடைத்திருக்கும், சுத்தம் செய்து நாலையும் சமப்படுத்தத் தெரிந்த மெக்கானிக் பாஸைத் தேடிப் பிடிப்பதே ஒரு வேலை. பழைய ஜப்பான் பைக்குகளில் சார்ஜிங் ரெகுலேட்டர் போவது சாதாரணம். மீற்றர் வைத்து, என்ஜினைக் கூட்டும்போது பற்றரி முனையில் 14 வோல்ட் அளவில் வருகிறதா என்று பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும், 2318 என்றால் 2018 இன் 23 ஆவது கிழமையில் செய்தது. பூ எவ்வளவு மிச்சம் இருந்தாலும் அந்த வயதில் ரப்பர் இறுகிவிடும், மழையில் வழுக்கும். கடற்கரைப் பக்கம் நின்ற பைக் என்றால் சீட்டைக் கழற்றி வயர் இணைப்புகளில் பச்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள், உப்புக்காற்று குரோமை விட அங்கேதான் கூடத் தின்னும்.

கடைசியாகக் காகிதங்கள். விற்பவர் சொல்லும் வருடம் பெரும்பாலும் இலங்கையில் பதிந்த வருடம், செய்த வருடம் அதற்குப் பல வருடம் முந்தியதாக இருக்கலாம். சீஆரில் (பதிவுச் சான்றிதழில்) இரண்டும் இருக்கும். சூப்பர் ஃபோர் என்றால் ஹேண்டிலுக்குக் கீழே ஃப்ரேமில் குத்தியிருக்கும் இலக்கத்தைப் படியுங்கள்: என்சீ31 என்று தொடங்கினால் அது விடெக் வருமுன் செய்த மாதிரி, என்சீ39 விடெக், என்சீ42 என்றால் 2007 இன் முடிவுக்குப் பிறகு வந்த இன்ஜெக்ஷன். என்சீ31 ஐ "விடெக்" என்று விலை சொன்னால் வேறு எதைப் பற்றியும் அவருடன் கதைக்கத் தேவையில்லை. 2020 இலிருந்து 2025 தொடக்கம் வரைக்கும் இறக்குமதி நின்றிருந்த காலத்தில் ஒரு பைக்கின் சாமானை இன்னொன்றில் போட்டு ஓடியது சகஜம், அதனால் ஃப்ரேம் இலக்கம், என்ஜின் இலக்கம் இரண்டையும் சீஆரோடு ஒத்துப் பாருங்கள். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் முடிந்த கடிதம் கைக்கு வரும்வரை காசு கொடுக்க வேண்டாம். திகதி போடாமல் கையெழுத்து மட்டும் வைத்த ஓப்பன் பேப்பரில் மூன்று நாலு பேர் கைமாறிய பைக் என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுவேன். சீஆரில் பெயர் உள்ளவர் நேரில் வந்து கையெழுத்து வைக்க வேண்டும். "ஆள் டுபாயில், அதெல்லாம் பிறகு பார்க்கலாம், முதலில் அட்வான்ஸ் தாங்கோ" என்றால் தேநீரைக் குடித்து முடிக்கும்வரை கூட இருக்காமல் எழும்பி வாருங்கள்.